எச்.ஐ.வி. இருந்தாலும் அப்பா ஆகலாம்

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி. தொற்று, மாத்திரை சாப்பிடுகிறேன். மனைவிக்கு இல்லை. குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும், தைரியமாக இருங்கள். மாத்திரையை ஒருநாளும் விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 200க்குக் கீழேயே ஆறு மாதமாவது நிலைத்திருந்தால், உடலுறவால் மனைவிக்குத் தொற்றாது. அவருக்குத் தொற்றாதவரை குழந்தைக்கும் வராது. அந்தப் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை ஆணுறையைக் கைவிடாதீர்கள்.

எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கு விந்தணுக்களின் வேகம் குறையலாம். அதனால் ஒருமுறை விந்துப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். வைரஸ் இருப்பது பெரும்பாலும் விந்துத் திரவத்திலும் அதிலுள்ள வெள்ளை அணுக்களிலும்தான். அதனால் விந்தணுவைக் கழுவிப் பிரித்துக் கருப்பைக்குள் செலுத்தும் முறையை இத்தாலிய மருத்துவர்கள் 1992லேயே வெளியிட்டார்கள். வைரஸ் கட்டுக்குள் இருந்தால் உங்களுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் தேவைப்படாது. அடுத்தமுறை எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மனைவியையும் அழைத்துப்போங்கள்.