வெக்கை நோயை வென்ற விழிப்பு

தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாகும். ஏர் உழவும், நீர் இறைக்கவும், வண்டி இழுக்கவும், பாலும் எருவும் பெறவும் மாட்டையே நம்பி வாழ்ந்த மக்கள் அதனைச் செல்வம் என்று வழங்கியதில் வியப்பில்லை. இவ்வுண்மை சிற்றூர்களுக்கு மட்டும் உரியதன்று. இன்று கடைத்தெருக்களால் நிறைந்து விளங்கும் தியாகராய நகர், 1920-களில் நகர்ப்பகுதியாக அமைக்கப்படுவதற்கு முன், ஏரியும் வயலும் சூழ்ந்த மாம்பலமாக இருந்தது. மயிலாப்பூரில் பால்காரர் பசுவை வீட்டு வாயிலுக்கே ஓட்டி வந்து, வீட்டார் கண்முன் கறந்து கொடுப்பது வழக்கமாக இருந்தது. மாட்டுக்கு நோய் வந்தால் உழவர் வயலும் வாடும். நகரத்துக் குழந்தையின் பாற்கிண்ணமும் வறளும்.

கால்நடை நோய்களுள் மிகக் கொடியது வெக்கை நோய். இந்நோய் கண்ட மாட்டுக்குக் கடுங்காய்ச்சல் தோன்றும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாயில் புண் உண்டாகும். பின்னர்க் கழிச்சல் கண்டு, சில நாள்களில் மாடு மடியும். நோயுற்ற மாட்டோடு நெருங்கிய மாடுகளுக்கும் அது விரைந்து பரவும். 1890-ஆம் ஆண்டை ஒட்டி இந்நோய் எத்தியோப்பிய நாட்டில் புகுந்தபோது, உழுவதற்கு எருதின்றி நிலங்கள் தரிசாயின, பெரும்பஞ்சம் மூண்டது. மாடு மாண்டபின் மனிதனும் மாண்டான்.

இக்கொடுமையைத் தடுக்கும் முயற்சி தமிழகத்தில் நெடுங்காலத்திற்கு முன்பே தொடங்கிற்று. 1866-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் கால்நடை நோய்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. எனினும், நோயை அறியும் மருத்துவரும் அதைத் தடுக்கும் மருந்தும் இல்லாதவிடத்துச் சட்டம் மட்டும் என்ன செய்யும்? 1903-இல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1932-இல் இராணிப்பேட்டையில், நோயை எதிர்க்கும் ஊநீரை ஆக்குவதற்கென ஒரு நிலையம் நிறுவப்பட்டது.

இதற்கிடையில், இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசுவரம் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட்சு என்னும் அறிஞர், நோய்க் கிருமியை ஆடுகளின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி அதன் கொடுமையைக் குறைத்தார். அவ்வாறு வலிமை குன்றிய கிருமியே மாட்டைக் காக்கும் தடுப்பு மருந்தாயிற்று. 1954-இல் இந்தியா முழுவதும் வெக்கை நோயை ஒழிக்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. ஊர்தோறும் மாடுகளுக்குத் தடுப்பூசி இடப்பட்டது. நோய் பெரிதும் குறைந்தது.

ஆயினும் அது மறைந்துவிடவில்லை. காரணம் யாது? ஊசி பெறாத கன்றுகள் ஆண்டுதோறும் பிறந்தன. சந்தைக்குச் சந்தை ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகளோடு நோயும் வழிநடந்தது. எஞ்சியிருந்த நோய் எவ்வூரில் ஒளிந்துள்ளது என்பதைத் தேடிக் கண்டறியும் ஏற்பாடு போதவில்லை. இக்குறையை உணர்ந்து 1992-இல் புதிய திட்டம் வகுக்கப்பட்டது. ஊசி இடுவதோடு நில்லாமல், பணியாளர் சிற்றூர்களுக்குச் சென்று நோயின் குறிகளைக் கேட்டும் கண்டும் ஆராய்ந்தனர். ஐயத்திற்குரிய மாட்டின் குருதி ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது.

1995-ஆம் ஆண்டு சூன் திங்களில், இராணிப்பேட்டை நிலையம் அமைந்துள்ள அதே வட ஆர்க்காட்டு நிலப்பகுதியில், இந்தியாவின் கடைசி வெக்கை நோய் கண்டறியப்பட்டது. அதன்பின் தடுப்பூசியை நிறுத்தி, நோய் மீண்டும் தலைகாட்டுகிறதா என்று ஆண்டுக்கணக்கில் கண்காணித்தனர். 2006-இல் இந்தியா அந்நோய்த் தொற்று நீங்கிய நாடாக ஏற்கப்பட்டது. 2011-இல் உலகமே அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனித முயற்சியால் உலகினின்று அடியோடு ஒழிக்கப்பட்ட நோய்கள் இரண்டே. முதலாவது பெரியம்மை, இரண்டாவது வெக்கை நோய்.

இவ்வெற்றி மருந்தினால் மட்டும் கிட்டியதன்று. மாடு தீனி எடுக்கவில்லை என்று முதலில் கண்ட உழவர், அதனை உடனே மருத்துவருக்குச் சொன்ன ஊரார், நோயை ஆராய்ந்த மருத்துவர், அதனை உறுதி செய்த ஆய்வுக்கூடத்தார், மருந்தைக் குளிர் குன்றாமல் கொண்டு சேர்த்த பணியாளர் ஆகிய அனைவரும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி பயன்படாது. ஆகவேதான் 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம், நோய் ஐயமுற்ற கால்நடையை உடையவர் அதனைத் தெரிவிப்பதையும், மற்றக் கால்நடைகளினின்று பிரித்து வைப்பதையும் கடமையாக்கியது.

ஏரும் எருதும் காணாத இன்றைய நகரத்தாருக்கும் இப்பாடம் பொருந்தும். மயிலாப்பூர் மாடவீதிகளிலும் அடையாற்றுத் தெருக்களிலும் திரியும் நாய்களுக்கு வெறிநோய் வந்தால், அது கடியின் வழியே மனிதனையும் பற்றும். அந்நோயின் குறிகள் தோன்றியபின் பிழைப்பது மிக அரிது. ஓரிடத்து நாய்களுள் 100-க்கு 70-க்குத் தடுப்பூசி இடப்பெற்றால் நோயின் பரவல் அறும் என்பர் அறிஞர். கிண்டியிலுள்ள புளூ கிராஸ் சங்கம் 1964-இலேயே தெருநாய்களின் பெருக்கத்தைக் கொல்லாமல் தடுக்கும் கருத்தடைப் பணியைத் தொடங்கியது. கடியுண்டவர் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பெறல் வேண்டும். நாய் கடித்ததைப் பெற்றோரிடம் மறைக்கும் சிறுவன் தன் உயிருக்கே ஊறு தேடுகிறான்.

வாயில்லா உயிர் தன் நோயைத் தானே எடுத்துரைக்க இயலாது. அதன் துயரைக் கண்டவர் வாய் திறத்தல் வேண்டும். நோயுற்ற கால்நடையைக் கண்டவுடன் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கு அறிவிப்பது சிறு செயலே எனினும், ஓர் ஊரையே காக்கும் பெருந்தொண்டாகும்.