இன்டர்நெட்: நேற்று, இன்று, நாளை



தோற்றம்: 1969 அக்டோபர் 29-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு 'லாகின்' என்ற சொல்லை அனுப்பினார்கள். இரண்டு எழுத்து போனதும் எதிர்முனைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது! அந்த அர்பாநெட்தான் இன்டர்நெட்டின் தாய். நம்ம பனியன் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் ஓட்டை விழும். இதிலோ ஒரு வழி அறுந்தால் தகவல் வேறு வழியாகப் போய்ச் சேரும். இந்தியப் பொதுமக்களுக்கு இது வி.எஸ்.என்.எல். மூலம் 1995 ஆகஸ்ட் 15-ல் கிடைத்தது. முதல் நான்கு நகரங்களில் சென்னையும் ஒன்று.

பயன்: வெளிநாட்டு ஆர்டர், டிசைன், அளவு எல்லாம் நொடியில் திருப்பூர் வந்துவிடுகிறது. ஆனால் நல்லூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். பேங்க் மெசேஜ் இங்கிலீஷில் வந்தால், "என்னன்னு பாரு கண்ணு" என்று போனை என்னிடம்தான் நீட்டுவாங்க. வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான்.

எதிர்காலம்: 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்தது. அதன் பலனாகக் கிடைத்த விசைப்பலகையில் உயிரெழுத்து இடப்பக்கம், மெய்யெழுத்து வலப்பக்கம். பழகுவது சுலபம். நாளை நாம் எழுதும் புரோகிராம் எதுவானாலும் அதில் தமிழும் இருக்கட்டும். வீட்டுக்கு ஒருவர் படித்துச் சொல்லும் காலம் போய், எல்லோரும் தாமே படிக்கும் காலம் வர வேண்டும்.