ஒரு மூட்டை எத்தனை கிலோ? கூட்டுப் படைகளின் தகவல் பகிர்வு: தேர்வுக்கான முக்கியக் குறிப்புகள்

● மாகறல் ஊர் நெற்களத்தில் 'நூறு மூட்டை' என்றால் அடுத்த கேள்வி, யார் மூட்டை? அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. வியாபாரியிடம் 75 கிலோ. நட்பு நாட்டுப் படைகளின் கணினிகளுக்கும் இதே தொல்லைதான். தகவல் போய்ச் சேர்வது இணைப்பு. அனுப்பியவர் நினைத்ததையே பெற்றவரும் புரிந்துகொள்வது பொருள் ஒருமை.

● இந்தியா–அமெரிக்கா ஒப்பந்தங்கள்: ஜிசோமியா 2002, லெமோவா 2016, காம்காசா 2018, பெக்கா 2020. 'பொருத்துக' வினாவில் காலை வாருவது லெமோவா. அது எரிபொருள், உணவு, பழுதுபார்ப்பு பற்றியது. பெக்கா என்றால் வரைபடமும் புவியிடத் தரவும். காம்காசா (6.9.2018, டெல்லி, முதல் 2+2 பேச்சு) மறையாக்கத் தொடர்புக் கருவிகளுக்கானது. வழி திறந்தது அவ்வளவுதான். பொருள் ஒருமை தனி வேலை.

● கடல் தகவல் திரட்டும் பி-8ஐ கண்காணிப்பு விமானங்களின் ஒரு தளம் ஐ.என்.எஸ். ராஜாளி, அரக்கோணம். பக்கத்து ஊர்தானே என்று காஞ்சிபுரம் மாவட்டம் எனக் குறிக்காதீர்கள், ராணிப்பேட்டை.

● குருகிராமில் இந்தியப் பெருங்கடல் தகவல் இணைவு மையம்: 22.12.2018. இங்கு பகிரப்படும் 'வெள்ளைக் கப்பல்' தகவல் வணிகக் கப்பல்கள் பற்றியது, போர்க்கப்பல் அல்ல.

● கப்பலுக்குப் பெயரும் மாறும், கொடியும் மாறும். 7 இலக்க ஐ.எம்.ஓ. எண் மட்டும் கப்பல் உள்ளவரை மாறாது. 9 இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண் கொடியோடு மாறும். அதன் முதல் 3 இலக்கம் நாட்டைக் காட்டும் (இந்தியா 419). ஒருவர் பழைய பெயரிலும் மற்றவர் புது எண்ணிலும் பதிந்துவைத்தால், கடலில் ஒன்றாக இருப்பது திரையில் இரண்டாகும்.

● 'ஜூலு' நேரம் = உலகப் பொது நேரம். நம் காலை 10.00 அங்கே 04.30. இந்த ஐந்தரை மணியைக் கழிக்க மறந்தால், 20 நாட் வேகக் கப்பல் திரையில் 110 கடல் மைல், அதாவது சுமார் 204 கி.மீ. தள்ளி நிற்கும். (1 கடல் மைல் = 1.852 கி.மீ.; தனி வினாவாகவும் வரும்.)

● பொருள் ஒருமைக்கு ஒரு வழி, நேட்டோவின் லிங்க் 16 தரவு இணைப்பு: செய்திகள் ஜே-வரிசை எனும் நிலையான வடிவில் போகும்.

● புள்ளலூர், 10.9.1780, இரண்டாம் மைசூர்ப் போர். காஞ்சிபுரத்தில் மன்றோ, சுமார் 15 கி.மீ. தொலைவில் பெய்லி, இருவருடையதும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையே. பீரங்கிச் சத்தம் மன்றோவுக்குக் கேட்டது; தகவல் வந்தது, பொருள் வரவில்லை. யார் கை ஓங்கியது என்பதைச் சத்தம் சொல்லவில்லை. பெய்லி திப்புவிடமும் ஐதரிடமும் சிக்கினார். மன்றோ பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். 27.8.1781 அன்று அதே புள்ளலூரில் ஐதரோடு மோதியவர் அயர் கூட். ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து விடையைக் குறிக்க வேண்டாம்.