இடும்பன் இறக்கி வைத்த சுமை

ஓம் சரவணபவ!

இந்த வாரம் இடும்பன் கதை. பழநிக்குப் போனவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். மலைப்படியில் ஏறும்போது வழியில் இடும்பன் சந்நிதி வரும். "சீக்கிரம் வா, மேல கூட்டம் சேர்ந்துடும்" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடிவிடுவோம். போன தைப்பூசம் வரைக்கும் நானும் அப்படித்தான் ஓடினேன்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிடறேன். ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் வேலை. அப்பா தவறிய பிறகு வீட்டுக் கடன் தவணை என் தலையில். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய நகைக் கடன் வேற. கார்த்திகை மாசம் மேனேஜர் கூப்பிட்டு, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், நம்பர் ஏறலைன்னா கஷ்டம் என்று சொல்லிட்டார். அன்றிலிருந்து தூக்கம் போச்சு. படுத்தால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். மாரடைப்போ என்று பயந்து ஈசிஜி கூட எடுத்தேன். "இதயம் நல்லா இருக்கு தம்பி, மனசுலதான் ஏதோ ஓடுது, யார்கிட்டயாவது பேசுங்க" என்றார் டாக்டர். நான் யாரிடமும் பேசவில்லை. அம்மா கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, உடம்பு சூடு."

அந்த நிலைமையில்தான் திண்டுக்கல்லில் இருந்து பாதயாத்திரை கிளம்பினேன். பழநிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு அன்னதானப் பந்தல். காலில் கொப்புளம் உடைந்து எரிகிறது. மோரை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஆபீஸ் குரூப்பில் என்ன வந்திருக்கு என்று போனைப் பார்த்தேன். பக்கத்தில் காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், காவடியைப் பத்திரமாக வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, உக்காந்துட்டீங்க, சரி. பையை ஏன் இன்னும் முதுகுலயே வச்சிருக்கீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். பை முதுகிலேயே இருந்தது. பட்டை தோளில் அழுத்தின தடம் கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் அவர் சுமைதாங்கிக் கல்லைப் பற்றிச் சொன்னார். ரெண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பாங்க. கர்ப்பமாக இருக்கும்போதே இறந்துபோன பெண்களின் நினைவாக வைப்பது வழக்கம். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் அதன்மேல் சுமையைத் தள்ளி வைத்து இளைப்பாறலாம். இதில் முக்கியமானது உயரம். தரையில் இறக்கிய மூட்டையைத் திரும்பத் தலையில் ஏற்ற இன்னொரு ஆள் வேணும். இந்தக் கல்லில் வைத்ததை ஒரே ஆள் எடுத்துக்கொண்டு போயிடலாம். ஆள் நடமாட்டமில்லாத பாதையை மனசில் வைத்துத்தான் அந்தக் காலத்தில் யோசித்திருக்கிறார்கள்.

மீதி வழி முழுக்க அவரோடுதான் நடந்தேன். பேச்சு இடும்பனிடம் போனது.

அகத்தியர் சிவகிரி, சக்திகிரி என்ற ரெண்டு மலைகளைத் தெற்கே பொதிகைக்குக் கொண்டுவரச் சொல்லி இடும்பனை அனுப்புகிறார். பிரம்மதண்டம்தான் காவடித்தண்டு, பாம்புகள்தான் கயிறு. வழி தெரியாமல் நின்றவனுக்கு முருகனே அரசன் வடிவில் வந்து வழிகாட்டி, ஆவினன்குடியில் கொஞ்சம் இளைப்பாறிட்டுப் போ என்று சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. இறக்கி வைக்கிறான். திரும்பத் தூக்கினால் மலை அசையவில்லை. மேலே பார்த்தால் கோவணத்தோடு, கையில் தண்டோடு ஒரு சின்னப் பையன் நிற்கிறான். கோபத்தில் பாய்ந்த இடும்பன் விழுந்து உயிரை விடுகிறான். அவன் மனைவி இடும்பி ஓடிவந்து அழுது கெஞ்ச, முருகன் உயிர் கொடுத்துத் தன் வாசலிலேயே காவலனாக வைத்துக்கொள்கிறார். இவனைப் போலக் காவடி சுமந்து வருகிறவர்களுக்கு அருள் உண்டு என்ற வரமும் அப்போது கிடைத்ததுதான்.

இதில் ரெண்டு விஷயம் என்னை நிறுத்தியது. ஒன்று, இடும்பன் கொடுத்த வேலையை முடிக்கவே இல்லை! ரெண்டு மலையும் பொதிகை போய்ச் சேரவில்லை. ஒன்றில் தண்டாயுதபாணி நிற்கிறார், இன்னொன்றைத்தான் இடும்பன் மலை என்கிறோம். நம்ம ஆபீஸாக இருந்தால் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருப்பார்களோ! ஆனாலும் பழநியில் இடும்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் முருகனிடம் போகிறோம்.

இன்னொன்று, இடும்பன் வாய்விட்டு உதவி கேட்கவே இல்லை. தூக்கிப் பார்த்தான், முடியவில்லை, சண்டைக்குப் போனான். கேட்டது இடும்பி. எனக்கு நானே இடும்பனாக இருந்தது புரிந்தது. ஆனால் எனக்காக அழ ஒரு ஆளுக்காவது விஷயம் தெரியணுமே?

தரிசனம் முடிந்து அடிவாரத்தில் இருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். சொல்ல ஆரம்பித்ததும் குரல் உடைந்துவிட்டது. எல்லாத்தையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னது, "லூசாடா நீ? நகைக் கடனை நான் கட்டறேன்னு போன வருஷமே சொன்னேன்ல? பெரிய மனுஷன் மாதிரி வேணாம்னியே."

வேலை தப்பிச்சுதா என்று கேட்பீங்க. இல்லை, பங்குனியில் போச்சு. மூணு மாசம் கழித்துக் கம்மி சம்பளத்தில் வேற வேலை கிடைத்தது. அந்த மூணு மாசமும் பயம் இருந்தது, ஆனால் தூக்கம் வந்தது.

இப்போது படபடப்பு வந்தால் கந்த சஷ்டி கவசத்தை மெதுவாகச் சொல்றேன். தேவராய சுவாமிகள் தலை முதல் கால் வரை ஒவ்வொரு உறுப்பாக வேலிடம் ஒப்படைக்கிறார் இல்லையா, அந்தந்த இடம் வரும்போது அங்கே இறுக்கம் இருக்கா என்று கவனித்துத் தளர்த்திக்கொள்வேன். தோள் வரும்போது பெரும்பாலும் மூச்சு தானாக இறங்கிடும். போன் அடுத்த ரூமில் இருக்கணும், அது ரொம்ப முக்கியம்.

கவசம் சொல்றோமே, டாக்டர் எதுக்கு என்று நினைக்காதீங்க. பல நாளாகத் தூக்கம் இல்லை, வாழவே பிடிக்கலை என்ற எண்ணம் வருதுன்னா உடனே பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லுங்க. 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணுக்குப் போன் போடுங்க. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

ஊருக்குப் போனபோது ஒரு விஷயம் பார்த்தேன். எங்க ஊர் எல்லையில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கு. காலேஜ் நாட்களில் தினமும் அதில் பைக்கைச் சாய்த்துவிட்டு அரட்டை அடிச்ச கல். அது என்ன கல் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இந்தத் தடவை பையைக் கழற்றி அதன்மேல் வைத்துப் பார்த்தேன். உயரம் சரியாக இருந்தது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!