கேபிள் தொழிலை மூடிவிடலாமா?

கேள்வி: அப்பா முப்பது வருடமாக எங்கள் ஊரில் கேபிள் நடத்துகிறார். ஒரு காலத்தில் 700 இணைப்புகள் இருந்தன; இப்போது 300கூட இல்லை. "எல்லாரும் போன்லயே பாக்குறாங்க, இனிமே ஓடாதும்மா" என்கிறார். தொழிலை விட்டுவிடச் சொல்லலாமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இப்போதைக்கு மூட வேண்டாம். ஆனால், இப்படியே நடத்தவும் வேண்டாம்.

அப்பா சொல்வது பாதிதான் சரி. நாட்டில் காசு கட்டி டிவி பார்க்கும் வீடுகள் 2018இல் சுமார் 15 கோடி. 2024இல் சுமார் 11 கோடி. 2016இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது இதற்குப் பெரிய காரணம். இன்னொரு காரணம் 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் நடைமுறைப்படுத்திய கட்டண முறை. வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு என்றார்கள். ஆனால் அடிப்படைக் கட்டணமே 130 ரூபாய், அதன்மேல் 18% ஜிஎஸ்டி, கட்டணச் சேனல்களுக்குத் தனி விலை என்று பில் ஏறியது. 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்குக் கொடுத்ததைப் பார்த்த மக்கள் கோபப்பட்டதில் வியப்பில்லை. அந்தக் கோபத்தை வாசலில் நின்று வாங்கிக்கொண்டவர்கள் வசூலுக்குப் போன உங்கள் அப்பா போன்றவர்கள். தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்த 130 ரூபாயிலும் 45% தான் அவர்களுக்குக் கிடைத்தது. இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் சேனலை நம்பியா அவர் முப்பது வருடம் நின்றார்? தெருத்தெருவாக வயர் இழுத்திருக்கிறார். ராத்திரி மழையில் லைன் போனாலும் ஏணியோடு வருவார் என்று ஊருக்குத் தெரியும். அதை வைத்து இன்டர்நெட் கொடுக்கலாம். கோஆக்சியல் வயருக்குப் பதில் ஃபைபர் இழுத்தால் ஒரே இழையில் இரண்டும் போகும்: இன்டர்நெட்டுக்கு 1490, 1310 நானோமீட்டர் ஒளி; கேபிள் சிக்னலுக்கு 1550. கேபிள் போர்ட் உள்ள ஓஎன்யூ என்ற ஃபைபர் பெட்டியை வீட்டில் மாட்டினால் பழைய செட்டாப் பாக்ஸ் அப்படியே ஓடும். பாட்டிக்கு சீரியலும் உண்டு, பேரனுக்கு வைஃபையும் உண்டு.

உரிமம் இல்லாமல் இன்டர்நெட் விற்கக் கூடாது. உரிமம் வைத்திருக்கும் இன்டர்நெட் நிறுவனத்துடன் (ஐஎஸ்பி) பார்ட்னராகச் சேருவதே சிறிய ஆபரேட்டருக்கு நடக்கிற வழி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், வெளியேறினால் ஃபைபரும் வாடிக்கையாளரும் யாரிடம் இருப்பார்கள் என்ற பகுதியை வக்கீலிடம் காட்டுங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஊர் முழுவதையும் கடன் வாங்கி மாற்றாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் அதிகமுள்ள இரண்டு தெருவில் தொடங்கி, வருகிற பணத்தில் அடுத்த தெருவுக்குப் போங்கள்.

தாமதிக்க மட்டும் வேண்டாம். 2023 முதல் வீட்டுக்கு வயரே இழுக்காமல் இன்டர்நெட் தரும் ஏர்ஃபைபர் வந்துவிட்டது. உங்கள் தெருக்களில் ஏற்கெனவே இரண்டு மூன்று நிறுவனங்கள் நுழைந்து, வீடுகள் அவர்களிடம் போய்விட்டிருந்தால் கணக்கு வேறு. அப்போது மிச்சமுள்ள இணைப்புகளை, விலை கிடைக்கும்போதே பக்கத்து ஆபரேட்டருக்கு விற்றுவிடச் சொல்லுங்கள்.