விடை வேண்டாம், போதுமா என்று சொல்லுங்கள்

ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர்க் கடையொன்றில் ஒருவர் 70 ரூபாய் விலையில் சாமைப் பைகள் சிலவும், 110 ரூபாய் விலையில் தேன் பாட்டில்கள் சிலவும் வாங்குகிறார். தேன் பாட்டில்கள் எத்தனை? இதற்கு இரண்டு கூற்றுகள் தரப்படுகின்றன. கூற்று 1: அவர் கொடுத்த மொத்தத் தொகை 430 ரூபாய். கூற்று 2: தேன் பாட்டில்களைவிடச் சாமைப் பைகள் ஒன்று கூடுதல். எந்தக் கூற்று இருந்தால் விடை சொல்ல முடியும்?

தெரியாத எண்கள் இரண்டு என்றால் சமன்பாடும் இரண்டு வேண்டும் என்பது பள்ளியில் படித்த பாடம். அந்த நினைப்பில் ‘இரண்டு கூற்றும் சேர்ந்தால்தான் முடியும்’ என்று குறித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். மதிப்பெண் போய்விடும். இங்கே கூற்று 1 மட்டுமே போதும். தேன் பாட்டிலைப் பாதியாகவோ சாமைப் பையைக் கால்வாசியாகவோ யாரும் வாங்குவதில்லை. தேன் ஒன்று என்றால் மீதி 320 ரூபாய். அது 70ஆல் வகுபடாது. தேன் இரண்டு என்றால் மீதி 210, சாமை மூன்று. தேன் மூன்று என்றால் மீதி 100, வகுபடாது. நான்கு என்றால் தேனுக்கே 440 ஆகிவிடும். ஒரே ஒரு வழிதான் மிஞ்சுகிறது.

இதே கேள்வியில் தொகையை மட்டும் 950 ரூபாய் ஆக்குங்கள். சாமை ஒன்று, தேன் எட்டு என்றாலும் 950 வருகிறது. சாமை பன்னிரண்டு, தேன் ஒன்று என்றாலும் 950தான். இப்போது கூற்று 1 போதாது. ஆனால் ‘சாமைப் பைகளே அதிகம்’ என்று ஒரு வரி கூடச் சேர்ந்தால் விடை நிலைத்துவிடும். அது சமன்பாடுகூட இல்லை, வெறும் ஒப்பீடு. சமன்பாடுகளை எண்ணிப் பார்த்து விடை குறிக்கிற பழக்கம் ஆளைக் கவிழ்ப்பது இந்த இடத்தில்தான்.

பயிற்சி மையங்களில் இந்த வகைக் கணக்குக்கு டேட்டா சஃபிஷியன்சி என்று பெயர். வங்கி அதிகாரிகளுக்கான ஐபிபிஎஸ் முதன்மைத் தேர்வில் இது வரும். குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான சிசாட்டிலும் அண்மை ஆண்டுகளாக இடம்பெறுகிறது. வெளிநாட்டில் எம்பிஏ படிக்க எழுதும் ஜிமேட் தேர்வில் இது பல்லாண்டுகளாக இருக்கிறது. 2023 நவம்பரில் அந்தத் தேர்வின் வடிவம் மாறியபோதும் இதை நீக்கவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

ஜவ்வாது மலை இளைஞர்களுக்கு இதில் நேரடியான வாய்ப்பு, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி. பாண்டியன், பல்லவன் என்ற இரு கிராம வங்கிகள் 2019 ஏப்ரலில் இணைந்து உருவானது அது. அதற்கான ஆளெடுப்பு ஐபிபிஎஸ் நடத்தும் கிராம வங்கித் தேர்வு வழியாக நடக்கிறது. அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். வேலைக்குச் சேர்ந்த பிறகும் இந்தத் திறமை வீணாகாது. கடன் கேட்டு வருகிறவரின் கோப்பைப் பார்த்து, இருக்கிற தாள்களை வைத்து முடிவு எடுக்க முடியுமா, இன்னும் எது வேண்டும் என்று சொல்வதுதான் வங்கிக் கிளையில் தினசரி வேலை.

இனி, போடும் முறைக்கு வருவோம். தெரியாத எண்களை அ, இ என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கேள்வியை மட்டும் படியுங்கள். கூற்றுகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். எதைக் கேட்கிறார்கள், அந்த எண் முழு எண்ணா, நேர் எண்ணா, எதையும் சொல்லவில்லையா என்பதை முடிவு செய்த பிறகே கையை எடுங்கள். அதற்கடுத்து கூற்று 1ஐ மட்டும் வைத்து யோசிக்க வேண்டும். பிறகு அதை அடியோடு மறந்துவிட்டுக் கூற்று 2ஐத் தனியாகப் பார்க்க வேண்டும். சொல்லும்போது எளிதாகத் தெரியும். ஆனால் முதல் கூற்றில் படித்த ‘அ நேர் எண்’ என்ற செய்தி இரண்டாம் கூற்றைப் பார்க்கும்போதும் மனதில் ஒட்டிக்கொண்டே இருக்கும். நன்றாகக் கணக்குப் போடுகிறவர்களே இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். கரட்டுத் தாளில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் இரண்டு என்று எழுதிப் பழகினால் இந்தக் கலப்பு குறையும். இரண்டும் தனித்தனியே போதாதபோது மட்டும் கோட்டை அழித்துவிட்டுச் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி என்ன என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. கூற்று 1: அ² + இ² = 58. கூற்று 2: அ × இ = 21. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு மூன்று வெவ்வேறு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

(அ + இ)² எவ்வளவு? பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த முற்றொருமை: 58 கூட்டல் இருமடங்கு 21, ஆக 100. போதும். அ என்ன, இ என்ன என்று தேடவே வேண்டாம்.

அ + இ எவ்வளவு? வர்க்கம் 100 என்றால் எண் 10 ஆகவும் இருக்கலாம், கழித்தல் 10 ஆகவும் இருக்கலாம். 3, 7 என்ற சோடியும் பொருந்துகிறது. கழித்தல் 3, கழித்தல் 7 என்ற சோடியும் பொருந்துகிறது. போதாது.

இரண்டும் நேர் எண்கள் என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டால்? அ + இ = 10 என்று உறுதியாகிவிடும். ஆனால் ‘அ எவ்வளவு’ என்று கேட்டால் அப்போதும் போதாது. மூன்றா ஏழா என்பதை யார் சொல்வது? கூற்றில் ஓர் எழுத்தும் மாறவில்லை, கேள்வி மாறியதும் விடை புரண்டுவிடுகிறது. இந்த ஒரு கணக்கை மட்டும் நோட்டில் எழுதி, நான்கைந்து விதமாகக் கேள்வியை மாற்றி நீங்களே போட்டுப் பாருங்கள். ஐம்பது கணக்கை மேலோட்டமாகப் போடுவதைவிட இது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

வழக்கமான கண்ணிகள் சிலவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். 2அ + 3இ = 12, 4அ + 6இ = 24 என்று இரண்டு சமன்பாடு கொடுத்தால் அவை இரண்டல்ல, ஒன்றுதான்; முதலாவதை இரண்டால் பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவே. ஆண் பெண் விகிதம் 3:2 என்று ஒரு கூற்றும், பெண்கள் ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கு என்று மற்றொரு கூற்றும் வந்தாலும் கதை அதே. இருபடிச் சமன்பாடு என்றதும் ‘இரண்டு விடை வரும், போதாது’ என்று குறிக்காதீர்கள். அ² − 10அ + 25 = 0 என்பதற்கு விடை 5 மட்டும்தான். அ² − 7அ + 12 = 0 என்பது 3, 4 தருகிறது; அ² − 9அ + 20 = 0 என்பது 4, 5 தருகிறது. தனித்தனியே எதுவும் போதாது, சேர்ந்தால் 4. இன்னொன்று, அ × இ = 3அ என்று பார்த்தவுடன் இருபுறமும் அ-வை அடித்துவிட்டு இ = 3 என்று எழுதுவது. அ பூச்சியமாக இருந்தால் இ எதுவாகவும் இருக்கலாமே. அ பூச்சியம் அல்ல என்று எங்காவது சொல்லியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வகுக்க வேண்டும்.

‘போதாது’ என்பதை நிரூபிக்க ஒரே வழிதான். கூற்றுக்குப் பொருந்துகிற, ஆனால் வேறு வேறு விடை தருகிற இரண்டு உதாரணங்களைக் காட்டிவிட வேண்டும். இதற்கு ஜவ்வாது மலையிலேயே, காவலூரில், ஒரு மெய்யான நிகழ்வு உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் நகர்வதை அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் கவனித்தார்கள். கோளிலிருந்து தள்ளியிருக்கும்போதே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் இருக்கலாம் என்று அறிவித்தார்கள். அந்த ஒரு மங்கலுக்குத் துணைக்கோளும் பொருந்தும், கோளைச் சுற்றிய வளையமும் பொருந்தும். அதே வேளையில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்த அமெரிக்கக் குழு, கோளின் ஒரு பக்கத்தில் பதிவான மங்கல்கள் மறுபக்கத்திலும் அதேபோல் வந்ததைப் பதிவு செய்தது. இரு பக்கமும் ஒத்து வர வேண்டுமென்றால் அது வளையம்தான். காவலூர்ப் பதிவும் அந்தக் கண்டுபிடிப்புக்குச் சான்றாக நின்றது. 1986 முதல் வைணு பாப்பு பெயரைத் தாங்கி நிற்கும் அந்த வானாய்வகத்துக்குப் போகிற மலைப்பிள்ளைகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

தேர்வில் அந்த இரண்டு உதாரணங்களைத் தேடக் கையில் எப்போதும் ஏழெட்டு எண்கள் வேண்டும்: 0, 1, −1, அரை, கழித்தல் அரை, 2, −2, பிறகு ஒரு பெரிய எண். ‘அ² என்பது அ-வைவிடப் பெரியதா?’ என்ற கேள்வியைப் பாருங்கள். கூற்று 1: அ பூச்சியத்தைவிடப் பெரியது. 2 என்று வைத்தால் ஆம். அரை என்று வைத்தால் இல்லை. போதாது. கூற்று 2: அ பூச்சியத்தைவிடச் சிறியது. எந்தக் குறை எண்ணின் வர்க்கமும் நேர் எண்தான், எப்போதும் ஆம். போதும். 2, 3, 4 என்று முழு எண்களாகவே வைத்துப் பார்க்கிறவர் கூற்று 1ஐயும் போதும் என்று எழுதிவிடுவார்.

ஆம்–இல்லை கேள்விகளில் இன்னொன்றை நினைவில் வையுங்கள். உறுதியான ‘இல்லை’யும் விடைதான். ‘அ நேர் எண்ணா?’ என்று கேட்டு, அ³ = −8 என்று கொடுத்தால், நேர் எண் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். ஆகவே கூற்று போதுமானது. ‘இல்லை’ வந்ததும் ‘போதாது’ கட்டத்தை நிரப்புவது மிகச் சாதாரணமாக நடக்கிற பிழை.

ஜிமேட் எழுதுகிறவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. அங்கே இரண்டு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரண்படாது. கூற்று 1 தனியாக 5 என்றும், கூற்று 2 தனியாக 7 என்றும் உங்கள் தாளில் வந்தால், எங்கோ கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கி வந்து தங்கிப் பயிற்சி மையத்தில் சேர எல்லோராலும் முடியாது. அதற்காக ஒதுங்க வேண்டியதில்லை. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண் வி. ஸ்ரீபதி 2024இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானதை நாடே கொண்டாடியது. அவர் எழுதியது வேறு தேர்வு. ஆனால் போட்டித் தேர்வு மலைக்கு எட்டாத ஒன்று அல்ல என்று காட்ட அவர் ஒருவரே போதும். டேட்டா சஃபிஷியன்சிக்கு வேண்டிய கணிதம் பெரும்பாலும் தமிழ்நாடு அரசின் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடநூல்களின் இயற்கணிதப் பாடங்களிலேயே இருக்கிறது. குறிப்பாக, நேரியல் சமன்பாடுகளுக்கு ஒரே தீர்வு எப்போது, எண்ணற்ற தீர்வுகள் எப்போது, தீர்வே இல்லாதது எப்போது என்ற பகுதியையும், இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டியையும் எடுத்துப் படியுங்கள். சாரமே அங்கேதான். சிசாட்டின் பழைய வினாத்தாள்கள் யுபிஎஸ்சி இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்துக்கு வரும்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. கூற்றுகளின் ஆங்கில வாசகத்தைப் பார்த்துப் பழகாமல் போகாதீர்கள்.

மதிப்பெண் கணக்கையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிசாட்டில் 80 கேள்விகள், 200 மதிப்பெண். 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. சரியான விடைக்கு 2.5, தவறுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழியும். அங்கே நான்கு தெரிவுகள்: ஏதோ ஒரு கூற்று மட்டும் போதும், எந்தக் கூற்றும் தனியாகவே போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், சேர்ந்தாலும் போதாது. முதல் தெரிவு எந்தக் கூற்று என்று பெயர் சொல்வதில்லை, கவனம். கூற்று 1 போதும் என்று உறுதியாகிவிட்டால் கடைசி இரண்டு தெரிவுகளும் அந்தக் கணமே விழுந்துவிடும். மிச்சம் இரண்டு. கூற்று 2 பிடிபடவே இல்லையென்றாலும் இரண்டில் ஒன்றைக் குறிப்பது லாபம்தான்: பாதி வாய்ப்பில் 2.5 வருகிறது, பாதி வாய்ப்பில் 0.83 போகிறது, சராசரியாகக் கேள்விக்கு 0.8க்கு மேல் கையில் நிற்கும். வங்கித் தேர்வில் ஐந்து தெரிவுகள், தவறுக்குக் கால் பங்கு கழிவு. அங்கும் இரண்டாகக் குறைத்துவிட்டால் குறிக்கலாம். ஒரு கூற்றைக்கூடத் தீர்மானிக்க முடியாத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.