அகல ஸ்கீயில் பைண்டிங் எங்கே இருக்க வேண்டும்?

ஜப்பானின் நிசெகோ போன்ற இடங்களின் ஆழமான மாவுப்பனிக்கென்றே, நடுவில் 110 மி.மீ.க்கு மேல் அகலமுள்ள ஸ்கீக்கள் இருக்கின்றன. அவற்றில் பூட்டைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால்கூடப் பலகையின் குணம் மாறும்.

முதல் சில நாட்கள் தயாரிப்பாளர் போட்ட கோட்டிலேயே ஓட்டுங்கள். பூட்டின் நடுக்குறி அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். நுனி பனிக்குள் முங்குகிறதா? அதைத் தூக்கிப் பிடிக்கப் பின்னால் சாய்ந்து சாய்ந்து தொடை எரிகிறதா? ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப் பாருங்கள். மரங்களுக்கு நடுவே சட்டென்று திரும்ப முடியவில்லையென்றால் முன்னால் நகர்த்துங்கள். ராக்கர் வைத்த, அதாவது நுனி நன்றாக மேல்வளைந்த பலகை தானாகவே மிதக்கும். அதில் ரொம்பப் பின்னால் போவதை நான் விரும்புவதில்லை. வால் அமிழ்ந்து திருப்பம் சோம்பிவிடும்.

துளை போடும் முன், தண்டவாளத்தில் நகரும் டெமோ பைண்டிங் கிடைத்தால் அதில் சோதியுங்கள். ஒரே சரிவு, ஒரே நாள், ஒரு மாற்றம் மட்டும். அப்போதுதான் வித்தியாசம் பனியாலா பைண்டிங்காலா என்று தெரியும். ஒவ்வொரு இடத்தையும் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய துளைகளை அடைப்பானும் நீர்புகாப் பசையும் வைத்து மூடுங்கள். ஈரம் இறங்கினால் உள்ளிருக்கும் மரம் அழுகும். புதுத் துளை பழையதை ஒட்டி வரக் கூடாது, குறைந்தது ஒரு சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும்.

நகர்த்திய ஒவ்வொரு முறையும், விழும்போது பூட்டை விடுவிக்கும் அமைப்பைக் கடைத் தொழில்நுட்பரிடம் சரிபார்க்கக் கொடுங்கள். முழங்கால் விஷயம் இது.